கறுப்பாகிவிட்டது, ஆனால் மிதக்கவில்லை: ஒய்பிசிஓ வில்லையில் வரும் கோளாறுகளைச் சரிசெய்யும் வழி

எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு மீக்கடத்தி (போதிய குளிரில் மின்தடை முழுதாக மறையும் பொருள்) செய்யப் போகிறோம் என்று ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று மாணவர்கள் வருவார்கள். அவர்களோடு சேர்ந்து யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடை, அதாவது ஒய்பிசிஓவை, அரைப்பதும் சுடுவதும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். கெட்டுப்போகும் வில்லைகளில் திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான். பெரும்பாலான வில்லைகளை மீட்டுவிடலாம். ஆனால் குளிர்ந்த வில்லையின்மேல் காந்தம் மிதக்கவில்லை என்றதும் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள், ஒரு மாதம் போய்விடுகிறது. அதனால்தான் அறிகுறி வாரியாக இதை எழுதி வைக்கிறேன்.

கீழே சொல்வதெல்லாம் இந்தச் செய்முறையை வைத்துத்தான். யிட்ரியம் ஆக்சைடு 1.513 கிராம், பேரியம் கார்பனேட் 5.289 கிராம், காப்பர் ஆக்சைடு 3.198 கிராம், மொத்தம் 10 கிராம். அகேட் கல்வத்தில் ஒரு மணி நேரமாவது அரைக்க வேண்டும். 900 முதல் 930 டிகிரி செல்சியஸில் சுமார் 20 மணி நேரம் சுட்டு, எடுத்து அரைத்து, மறுபடியும் சுட வேண்டும். இப்படி இரண்டு அல்லது மூன்று முறை. அப்புறம் வில்லையாக அழுத்தி, 930 முதல் 950 டிகிரிக்குள் ஆக்சிஜன் ஓட்டத்தில் சுட்டு, மெதுவாக ஆறவிட்டு, 450 டிகிரி அருகில் நீண்ட நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் 90 கெல்வினைத் தாண்டிய மாறுநிலை வெப்பநிலை (அதற்குக் கீழேதான் மீக்கடத்தல்) கிடைக்கும். திரவ நைட்ரஜன் 77 கெல்வின் என்பதால் கல்லூரி ஆய்வகத்திலேயே சோதித்துவிடலாம்.

பேரியம் கார்பனேட் நஞ்சு. வயிற்று அமிலத்தில் கரைந்து உடலில் சேரும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அரைக்க என் மாணவர்கள் யாரையும் நான் விடுவதில்லை. நீங்களும் விடாதீர்கள்.

## அறிகுறி 1: வில்லை பச்சையாக இருக்கிறது

நல்ல ஒய்பிசிஓ கன்னங்கறுப்பு. பச்சை தெரிந்தால் அது 211 எனப்படும் வேறொரு சேர்மம். அதில் யிட்ரியம் 2, பேரியம் 1, செம்பு 1 என்ற விகிதம் இருக்கும். 211 மீக்கடத்தி இல்லை. நமக்கு வேண்டிய ஒய்பிசிஓவில் விகிதம் 1, 2, 3, அதைத்தான் 123 என்கிறோம். பச்சை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வெளியே கறுப்பு, உடைத்தால் உள்ளே பச்சை. எளிதில் சரிசெய்யக்கூடியது இதுதான். கார்பனேட் முழுதாகச் சிதையவில்லை, அவ்வளவுதான். மூசையில் (சுடும் கிண்ணத்தில்) பொடியைக் குவித்து நிரப்பியிருப்பீர்கள், அடியில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழி இருந்திருக்காது. பொடியை அகலமான தட்டு மூசையில் மெல்லிய படுகையாகப் பரப்பி, மறுபடி அரைத்துச் சுடுங்கள்.

இதை உறுதிப்படுத்த எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) வரை போக வேண்டாம், தராசு போதும். மூசையைப் பொடியோடு சேர்த்து, சுடுவதற்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள். 10 கிராம் கலவை முழுதாக வினைபுரிந்தால் சுமார் 8.8 முதல் 8.95 கிராமுக்குள் நிற்கும். 9.1 அல்லது 9.2 காட்டினால் கார்பனேட் இன்னும் உள்ளே இருக்கிறது. கல்வத்தில் ஒட்டி வீணாகும் பொடியை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், ஒவ்வொரு சுடலுக்கும் தனியாக எடை எடுங்கள். இந்தப் பழக்கம் வந்தபிறகு பச்சை வில்லை எங்கள் மேசைக்கு வருவது பெரிதும் குறைந்துவிட்டது.

முழுவதும் பச்சை, வடிவமும் மாறவில்லை. எடைபோட்டதில் பிழை. பேரியமோ செம்போ குறைந்திருக்கிறது. குறிப்பேட்டில் உள்ள எண்களைக் கூட்டிப் பாருங்கள். ஒரு பொடியை இரண்டு தவணையாக எடைபோடும்போது ஒன்றை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. விடுபட்ட அளவு சரியாகத் தெரிந்தால் அதைச் சேர்த்து அரைத்துச் சுடலாம். தெரியாவிட்டால் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

பச்சை, கூடவே வில்லை தளர்ந்து சரிந்திருக்கிறது. உலை மிகச் சூடாகிவிட்டது. 1000 டிகிரியைத் தாண்டினால் 123 சேர்மம் 211 ஆகவும் நீர்மமாகவும் பிரிந்துவிடும். திரையில் 930 என்று காட்டினாலும் உள்ளே 930 இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய மஃபில் (பெட்டி) உலைகளில் தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) தேய்ந்து குறைவாகக் காட்டும், உலை அந்தக் குறையை ஈடுகட்ட மேலும் சூடேறும்.

இதற்கு ஒரு மலிவான சோதனை உண்டு. சுத்த வெள்ளிக் கம்பியில் ஒரு சின்னத் துண்டை வெறும் அலுமினாத் தட்டில் வைத்து, வில்லை வைக்கும் அதே இடத்தில் வையுங்கள். சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும். காற்றில் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் அதற்குச் சுமார் பத்து டிகிரி முன்பே உருகிவிடும். உலையை 930-இல் நிறுத்தி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கம்பி கம்பியாகவே இருந்தால் சரி. உருண்டு மணியாகிவிட்டிருந்தால் உங்கள் உலை குறைந்தது இருபது டிகிரி பொய் சொல்கிறது. நகைத் துண்டைப் பயன்படுத்தாதீர்கள், அதில் செம்பு கலந்திருக்கும், முன்கூட்டியே உருகிவிடும். தெர்மோகப்பிளை மாற்றியும் வித்தியாசம் தீரவில்லை என்றால் கட்டுப்பாட்டுக் கருவியைப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். அதற்குள் கைவைப்பது நம் வேலை இல்லை.

## அறிகுறி 2: உருகி மூசையோடு ஒட்டிக்கொண்டது

உலை சரி என்று வெள்ளிச் சோதனை சொல்லிவிட்டால், யிட்ரியம் ஆக்சைடைச் சந்தேகப்படுங்கள். திறந்து வைத்த பாட்டிலில் அது ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சும். நீங்கள் 1.513 கிராம் என்று எடைபோட்டதில் ஒரு பங்கு ஈரம். யிட்ரியம் குறைந்தால் மிஞ்சிய பேரியமும் செம்பும் சேர்ந்து 900 டிகிரி அருகிலேயே நீர்மமாகும். அதுதான் மூசையை அரிக்கிறது. எடைபோடும் முன் யிட்ரியம் ஆக்சைடை 800 முதல் 900 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு, டெசிகேட்டரில் (ஈரம் புகாத பாத்திரத்தில்) ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வில்லையை அலுமினாவின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். அதே 123 பொடியைக் கொஞ்சம் பரப்பி அதன்மேல் வையுங்கள். ஏற்கெனவே ஒட்டிப்போன பகுதியைச் சுரண்டிப் பயன்படுத்தவும் வேண்டாம், அலுமினியம் உள்ளே புகுந்து செம்பின் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

## அறிகுறி 3: கறுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் காந்தம் மிதக்கவில்லை

இதுதான் அதிகம் வருவது, அதிகம் மனமுடையச் செய்வதும் இதுதான். ஒரு மாத உழைப்பு கண்முன்னே கறுப்பாக, அழகாக உட்கார்ந்திருக்கும், காந்தம் மட்டும் அதன்மேல் சப்பென்று விழுந்து கிடக்கும். பதற வேண்டாம். இந்த நிலையில் வரும் வில்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன்தான் போதவில்லை. ஆனால் அதற்கு முன் செலவே இல்லாத மூன்று சோதனைகள்.

வில்லை உண்மையிலேயே குளிர்ந்ததா? நைட்ரஜன் ஊற்றியதும் கொதிக்கும். அந்தக் கொதிப்பு அடங்கும்வரை காத்திருங்கள். மேலே மட்டும் ஊற்றி உடனே காந்தம் வைத்தால் உள்ளே குளிர்ந்திருக்காது. தெர்மோகோல் கிண்ணத்தில் வில்லையின் மேற்பரப்பு மட்டும் தெரியும்படி நைட்ரஜன் நிற்க வேண்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். நைட்ரஜன் ஆவியாகும்போது சுமார் 700 மடங்கு விரியும், மூடிய அறையில் மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும். அதைக் கொண்டுவரும் குடுவையை ஒருபோதும் இறுக்கி மூடாதீர்கள்.

காந்தம் பெரிதாக இருக்கிறதா? சுட்ட வில்லை தூக்கும் எடை குறைவு. செயல்விளக்கப் பெட்டிகளில் வரும் வில்லைகள் உருக்கி வளர்த்தவை, அவற்றோடு இதை ஒப்பிட வேண்டாம். மூன்று நான்கு மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தத் துண்டை எடுங்கள். அதுவும் மிதக்காவிட்டால் நூலில் கட்டித் தொங்கவிட்டு, குளிர்ந்த வில்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். லேசாகத் தள்ளப்பட்டாலும் மீக்கடத்தும் பகுதி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

மல்டிமீட்டர் என்ன சொல்கிறது? அறை வெப்பநிலையில் இரண்டு முனைகளையும் வில்லையில் அழுத்திப் பாருங்கள். ஆக்சிஜன் நிறைந்த வில்லை சில ஓம் அல்லது சில பத்து ஓம் காட்டும். கிலோ ஓம், அதற்கும் மேல் என்று ஏறினால் நோய் தெரிந்துவிட்டது, ஆக்சிஜன் இல்லை. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நைட்ரஜன் வாங்க ஆள் அனுப்பாதீர்கள்.

### மல்டிமீட்டர் கிலோ ஓம் காட்டினால்

சேர்மத்தின் வாய்பாட்டில் ஆக்சிஜன் எண் 6.9-ஐத் தாண்டினால்தான் 90 கெல்வின் கிடைக்கும். 6.6, 6.7 என்றால் 60 கெல்வின் அருகில் நின்றுவிடும், நைட்ரஜனில் மிதக்காது. 6.4-க்குக் கீழே போனால் மீக்கடத்தியே இல்லை. 930 டிகிரியில் வில்லை ஆக்சிஜனை இழந்துதான் இருக்கும், ஆறும்போதுதான் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதாவது ஆறவிடுவதும் செய்முறையில் ஒரு பகுதி.

ஒரு மாணவர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று 650 டிகிரியில் உலையைத் திறந்து, வில்லையை எடுத்துச் செங்கல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வந்து பார்த்தால் வில்லை பளபளக்கிறது, ஒரு விரிசல்கூட இல்லை, மின்தடை மட்டும் கிலோ ஓம். அவர் முகம் வாடிப்போயிருந்தது. அதே வில்லையை உலையில் வைத்து, 450 டிகிரியில் ஒரு நாள் முழுக்க ஆக்சிஜன் ஓட்டினோம். அடுத்த நாள் மாலை காந்தம் மிதந்தது. அரைக்கவும் இல்லை, மறுபடி அழுத்தவும் இல்லை.

அந்த வழியை அப்படியே சொல்கிறேன். குழாய் உலையில் வில்லையை வைத்து, ஆக்சிஜனை மெல்ல ஓடவிடுங்கள். வெளியேறும் குழாயை ஒரு வெற்றுப் பாட்டில் வழியாகத் தண்ணீருக்குள் விடுங்கள். நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். நடுவில் உள்ள வெற்றுப் பாட்டில், தண்ணீர் திரும்ப உறிஞ்சப்பட்டுச் சூடான குழாய்க்குள் போய்விடாமல் தடுக்கும். 600 வரை ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் 450-க்கு இறக்கி, 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள். பிறகு உலையோடு சேர்த்தே ஆறவிடுங்கள். சிலிண்டர் வால்விலும் ரெகுலேட்டரிலும் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக்கூடாது, அழுத்த ஆக்சிஜனில் அது தீப்பிடிக்கும்.

ஆக்சிஜன் சிலிண்டர் இல்லையா? மஃபில் உலையில் காற்றிலேயே செய்யலாம், நேரம்தான் கூடும். 450 டிகிரியில் இரண்டு நாள் வையுங்கள், வில்லை மெல்லியதாக இருக்கட்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைகள் காற்றில் மட்டுமே ஆறி மிதந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் முறையும் மாறவில்லை என்றால் வில்லை மிக அடர்த்தியாக இருக்கலாம். நல்ல அடர்த்தி வேண்டும் என்று அதிகச் சூட்டில் சுட்டால் துளைகள் மூடிக்கொள்ளும், ஆக்சிஜன் உள்ளே போக வழி இருக்காது. வில்லையைப் பொடித்து, மிதமாக அழுத்தி, 930-ஐத் தாண்டாமல் சுடுங்கள்.

### மல்டிமீட்டர் சில ஓம்தான் காட்டினால்

ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது, அப்போது மாசுக் கலப்பு உண்டா என்று தேட வேண்டும். இரும்புக் கல்வத்தில் அரைத்தீர்களா? துத்தநாகம் பூசிய தட்டிலோ பித்தளைக் கரண்டியிலோ பொடி பட்டதா? துத்தநாகம் செம்பின் இடத்தில் புகுந்தால் சில விழுக்காட்டிலேயே மாறுநிலை வெப்பநிலை வெகுவாகச் சரியும். இதைச் சுட்டு நீக்க முடியாது, புதிய பொடிதான்.

கலப்பும் இல்லை என்றால் இதுதான் எக்ஸ்ஆர்டிக்குப் பணம் செலவழிக்க வேண்டிய இடம். செம்புக் கதிரில் எடுத்த வரைபடத்தில் 32.5, 32.8 டிகிரிகளில் முகடு இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் அமைப்பு சரி. சி அச்சு (படிக அலகின் நீண்ட பக்கம்) 11.68 ஆங்ஸ்ட்ராம் அருகில் இருக்க வேண்டும், 11.8-ஐ நெருங்கினால் ஆக்சிஜன் இல்லை. 24 டிகிரி அருகில் முகடு இருந்தால் கார்பனேட் மிச்சம். 28 முதல் 31 வரை கூடுதல் முகடுகள் இருந்தால் 211 அல்லது பேரியம் குப்ரேட். 35.5, 38.7-இல் இருந்தால் வினைபுரியாத காப்பர் ஆக்சைடு.

## அறிகுறி 4: காந்தம் மிதக்கிறது, ஆனால் மின்தடை பூஜ்யமாகவில்லை

முதல் கேள்வி: எத்தனை கம்பி? இரண்டு கம்பியில் அளந்தால் கம்பியின் தடையும் தொடுப்பின் தடையும் சேர்ந்தே வரும், பூஜ்யம் வராது. நான்கு கம்பி வேண்டும். வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம்.

நான்கு கம்பி வைத்தும் சில மைக்ரோவோல்ட் நிற்கிறதா? மின்னோட்டத்தின் திசையை மாற்றிப் பாருங்கள். அளவு குறி மாறாமல் அப்படியே நின்றால் அது வெப்ப மின்னழுத்தம், இரண்டு அளவீடுகளையும் கழித்துப் பாதியாக்கினால் உண்மை மதிப்பு வரும். குறி மாறினால் உண்மையான தடைதான். மின்னோட்டத்தை 100 மில்லி ஆம்பியரிலிருந்து 5-க்கோ 10-க்கோ குறையுங்கள். தடை மறைந்தால் வில்லைக்குள் மணிகளுக்கு (சிறு படிகத் துகள்களுக்கு) இடையிலான இணைப்பு பலவீனம் என்று பொருள். மணிகளுக்குள் மீக்கடத்தல் இருப்பதால் காந்தம் மிதக்கிறது, மணியிலிருந்து மணிக்கு ஓட்டம் போகும்போது தடுக்கிறது. இன்னொரு முறை சுட்டு, ஆக்சிஜனில் நீண்ட நேரம் வைத்தால் பெரும்பாலும் தேறும்.

தொடுப்புகளையும் மறக்காதீர்கள். சில்வர் பெயிண்ட் பூசும் முன் அந்த இடத்தை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டும். மேற்பரப்பில் ஈரம் உண்டாக்கிய மெல்லிய படலம் மின்சாரத்தைக் கடத்தாது.

## அறிகுறி 5: மாறுநிலை வெப்பநிலை நம்ப முடியாத எண்ணாக வருகிறது

குளிர்விக்கும்போது 84, சூடேற்றும்போது 97 என்று வந்தால் வெப்பமானி வில்லையிலிருந்து தள்ளி இருக்கிறது, அல்லது வெப்பநிலை மிக வேகமாக மாறுகிறது. வில்லையையும் வெப்பமானியையும் ஒரே செம்புக் கட்டையில் ஒட்டி, நிமிடத்துக்கு ஒரு கெல்வினுக்கு மேல் போகாமல் அளந்தால் இரண்டு வளைகோடுகளும் நெருங்கிவரும்.

100 கெல்வினுக்கு மேல் தடை திடீரென்று பூஜ்யமானால் முதலில் மின்னழுத்தக் கம்பியைப் பாருங்கள். குளிரில் சுருங்கி விட்டுப்போன கம்பியும் பூஜ்யம்தான் காட்டும். திரும்பச் சூடாக்கும்போது அதே வெப்பநிலையில் தடை திரும்பி வர வேண்டும், காந்தச் சோதனையும் ஒத்துப்போக வேண்டும். 2023-இல் அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று உலகமே பேசிய எல்கே-99-இல், 104 டிகிரி செல்சியஸ் அருகில் தடை சரிந்ததற்குக் காரணம் அதில் மாசாகக் கலந்திருந்த காப்பர் சல்பைடின் கட்ட மாற்றம் என்று பின்னர் பல ஆய்வகங்கள் காட்டின. ஆய்வையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே நேர்ந்தது, நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

## அறிகுறி 6: வில்லை வெடிக்கிறது, அடுக்கடுக்காக உரிகிறது

அழுத்தி எடுத்ததுமே தொப்பி கழன்றதுபோல் மேலடுக்கு வந்தால் அழுத்தம் அதிகம், பொடிக்குள் காற்று சிக்கியிருக்கிறது. அழுத்தத்தைக் குறைத்து, மெதுவாக ஏற்றி, ஒரு நிமிடம் வைத்து, மெதுவாகவே விடுங்கள். சுட்டபின் வெடித்தால் சூடேற்றும் வேகத்தை நிமிடத்துக்கு மூன்று டிகிரிக்குக் குறையுங்கள். நைட்ரஜனில் வெடித்தால், முக்குவதற்கு முன் ஆவியின்மேல் சில நிமிடங்கள் பிடித்துக் குளிர வையுங்கள்.

## அறிகுறி 7: போன மாதம் மிதந்தது, இப்போது மிதக்கவில்லை

வில்லைமேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். ஈரம் வில்லையைத் தின்கிறது. தண்ணீர் பட்டால் பேரியம் ஹைட்ராக்சைடாகப் பிரிந்து, காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மீண்டும் கார்பனேட்டாகிவிடும். எங்கள் கல்லூரி கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால் மழைக்காலத்தில் இந்தக் கோளாறு நிறைய வரும்.

பெரும்பாலும் கெடுப்பது செயல்விளக்கத்துக்குப் பிந்தைய பத்து நிமிடம்தான். நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் வில்லைமேல் பனி படிந்து, உருகி, உள்ளே ஊறும். எடுத்தவுடன் மேசை விளக்கின் கீழ் வைத்து, பனி உருக உருகத் துடைத்து, நன்றாகச் சூடாகிக் காய்ந்தபின் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரியில் காயவைத்துப் பயன்படுத்தலாம்.

வெள்ளை மேலோட்டமாக மட்டும் இருந்தால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, 450 டிகிரி ஆக்சிஜனில் ஒரு நாள் வைத்தால் போதும். தேய்க்கும் தூளும் நஞ்சுதான், முகக்கவசம் வேண்டும். கையால் அழுத்தினாலே உதிர்கிறது என்றால் முழுவதையும் பொடித்து, 930-இல் ஒரு முறை சுட்டு, மறுபடி வில்லையாக்குங்கள். பொருள் அப்படியே இருக்கிறது, எதையும் கொட்ட வேண்டாம்.

## பிஸ்மத், தாலியம், பாதரசம் பற்றிக் கேட்பவர்களுக்கு

இவற்றைக் கொண்ட மீக்கடத்திகளும் உண்டு. பிஸ்மத் 2223 வகை (எண்கள் பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், கால்சியம், செம்பு விகிதம்) 110 கெல்வின் தரும். ஆனால் ஈயம் சேர்த்து, 850 டிகிரிக்குச் சற்றுக் கீழே மிகக் குறுகிய இடைவெளியில் பல நாள் வைத்திருக்க வேண்டும். தடை 110-இல் ஒரு படியும் 80 அருகில் இன்னொரு படியுமாக இறங்கினால் 2212 வகை இன்னும் மிச்சம், அரைத்து மேலும் சில நாள் சுடுங்கள். உலையின் வெப்பநிலையை நம்ப முடியாத ஆய்வகம் இதைத் தொடங்க வேண்டாம்.

தாலியமும் பாதரசமும் இன்னும் உயரப் போகும். பாதரச வகை 1993-லேயே 130 கெல்வினைத் தாண்டியது. இரண்டின் ஆவியும் கொடிய நஞ்சு, மூடிய குழாய் வெடித்தால் அறையே நஞ்சாகும். அதற்கென்று அமைத்த ஆய்வகத்துக்கு வெளியே இவற்றுக்கு வழிமுறை எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெளியே எக்ஸ்ஆர்டிக்கு அனுப்பும்போது வில்லையாக அனுப்பாதீர்கள். அனுப்பும் அன்றே அரைத்த அரை கிராம் பொடியைச் சிறு குப்பியில் போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு சேர்த்து மூடி அனுப்புங்கள். குப்பியோடு ஒரு தாளில் எடைகள், ஒவ்வொரு சுடலின் வெப்பநிலையும் மணி நேரமும், ஆறவிட்ட வேகம், மல்டிமீட்டர் காட்டிய எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வரைபடத்தைப் பார்ப்பவர் அந்தத் தாளையும் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்குப் பதில் சொல்வார்.